கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்தார்கள்

ஸ்ட்ரௌட் அம்மாள் வந்தபோது எல்பர்ட் பாண்டர் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீர் வாளிக்குள் இடது காலை விட்டிருந்தார். அந்தக் காலில் இரண்டு விரல்களைச் சர்க்கரை நோய் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். எழுந்து நிற்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள் அந்த அம்மாள் படியேறி வந்துவிட்டாள்.

"எழுந்திரிக்காதீங்க எல்பர்ட். உக்காருங்க, உக்காருங்க."

அவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் கவுண்டி என்கிற அந்தச் சிறு மாவட்டத்தில் வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மிஸ்டர் பாண்டர் என்று யாராவது கூப்பிட்டால் அவரே பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு அவள் செயலாளர். பஞ்ச காலத்தில் அரசாங்கம் வேலையில்லாத பையன்களைச் சேர்த்து மண் காக்கவும் மரம் நடவும் முகாம் போட்டதே, சி.சி.சி., அதற்கு இந்த வருடம் ஐம்பது வயது நிறைகிறதாம். நெடுஞ்சாலை வளைவில் ஒரு கல் நட்டு வெண்கலப் பலகை பதிக்கப் போகிறார்கள். தலைநகரத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அட்லாண்டா டி.வி.க்காரர்களும் வரலாம். அந்த முகாமில் வேலை செய்தவர்களில் இந்தக் கவுண்டியில் உயிரோடு இருப்பது எல்பர்ட் ஒருவர்தான்.

"முகாம் இருந்தது அந்த வளைவுல இல்லீங்களே அம்மா," என்றார் எல்பர்ட். "அது உள்ள, சதுப்புக்குப் பக்கத்துல."

"தெரியும். ஆனா அங்க காரு நிறுத்த இடமில்ல பாருங்க." அவள் சிரித்தாள். கெட்ட மனுஷி இல்லை. "நீங்க மேடையில வந்து உக்காந்தாப் போதும். ரெண்டு வார்த்தை பேசுங்க. பசங்கள்லாம் எப்படிச் சந்தோஷமா வேலை செஞ்சீங்கன்னு."

"சந்தோஷமா," என்றார் எல்பர்ட்.

கொசுவலைக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒடெஸ்ஸாவின் குரல் வந்தது. "சொல்லேன் எல்பர்ட்டு. கறுப்புப் பசங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டு முகாமைச் சதுப்புல கொண்டுபோய்த் தள்ளினாங்கள்ல, அந்தச் சந்தோஷத்தைச் சொல்லு. கொசுவுக்கு ரொம்பச் சந்தோஷம்."

ஸ்ட்ரௌட் அம்மாளின் முகம் சிவந்தது. ஒடெஸ்ஸா எல்பர்ட்டின் செத்துப்போன மனைவியின் தங்கை. தன் புருஷனும் போன பிறகு, எல்பர்ட்டின் விரல்கள் போன பிறகு, ஆளுக்கொரு அடுப்பு எதற்கு என்று இங்கே வந்து பின்னறையில் இருக்கிறாள். வாயைக் கட்டிப்போடத் தெரியாதவள்.

எல்பர்ட் காலை வாளியிலிருந்து எடுத்துத் துண்டில் வைத்தார். வெள்ளைக்காரி ஒருத்தி தன் வாசலுக்கு வந்து தன்னிடம் ஒன்று கேட்பது அவர் ஆயுசில் இதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை வராது என்றும் அவருக்குத் தெரிந்தது.

"வர்றேங்க. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும்."

"கேளுங்க."

"நீபோ மலைக் கோயில் கல்லறைத் தோட்டம். குட்ஸுக் கொடி மூடிக் கெடக்கு. கவுண்டிகிட்ட மெஷின் இருக்கு. வெட்டிவிடச் சொல்லுங்க. என் பொண்டாட்டி உள்ள இருக்கா. நான் போறதுக்கு முன்னாடி அவ பக்கத்துல எனக்கு ஒரு இடம் பாத்து வச்சுக்கணும்."

அவள் கண் கலங்கிவிட்டது. "அய்யோ, இதைக் கேக்கவா இவ்வளவு யோசிச்சீங்க? முழுசாச் சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொல்றேன். ரோடு டிப்பார்ட்மெண்ட்ல நானே பேசுறேன்." பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "அங்க ஏதாவது கவனமாப் பாக்கணுமா? கல்லு, சிலுவை?"

எல்பர்ட் வாயைத் திறந்தார். மூடினார்.

"கல்லெல்லாம் இல்லீங்க. கொடியை எடுத்தாப் போதும்."

அவள் கார் கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் ஒடெஸ்ஸா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் சோள ரொட்டி மாவு.

"பாத்திரத்தைப் பத்திச் சொன்னியா?"

"என்ன சொல்லச் சொல்ற?"

"கல்லறை மேல பாத்திரம் கெடக்கும், தொடாதீங்கன்னு."

"சொன்னா ஏன்னு கேப்பா. நாங்க செத்தவங்க தலைமாட்டுல தட்டையும் கிண்ணத்தையும் உடைச்சு வைப்போம்மான்னு அவகிட்ட விளக்கணுமா? நாளைக்கே அவ அதைப் பத்திரிகையில போடுவா. கறுப்பங்க இன்னும் ஆப்பிரிக்காவுலதான் இருக்காங்கன்னு ஊரே படிச்சுச் சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன, புதுசாவா சிரிக்கிறாங்க?"

"விடு ஒடெஸ்ஸா. குட்ஸு வெட்டப் போறது யாரு? கவுண்டி ஆளுங்க. எல்லாம் நம்ம பசங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

அவர்களுக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். கல்லறையில் கிடக்கும் சாமானைத் தொடக் கூடாது என்று சொல்லாத தாய் எந்த வீட்டில் இருக்கிறாள்? சாகிறவர் கடைசியாக எதில் குடித்தாரோ, எதில் தின்றாரோ, எந்த விளக்கு எரிந்ததோ, அதை மேலே வைப்பது. வைப்பதற்கு முன் ஒரு தட்டுத் தட்டி உடைப்பது. அப்போதுதான் செத்தவருக்கும் வீட்டுக்கும் உள்ள சங்கிலி அறும். வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டு போக மாட்டார். கல் வாங்க முடிந்தவர்கள் யாரும் நீபோ மலைக் கோயிலில் இல்லை. மரப்பலகை நட்டார்கள், அதைக் கரையான் தின்றது. பாத்திரங்களைக் கரையான் தின்னாது. அதனால் இது ஹெஸ்டர் கிழவி, இது மைக்கேயா அண்ணன், இது அந்த இரட்டைக் குழந்தைகள் என்று பாத்திரத்தை வைத்துத்தான் சொல்வார்கள்.

அவர் மனைவி லூவீனியாவுக்கு ஒரு பீங்கான் ஜாடி. நீலப் பூப் போட்டது. மூன்றாவது பிரசவத்தில் இரண்டு நாள் கிடந்து, குழந்தையோடு போனாள். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டபோதெல்லாம் அந்த ஜாடியிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தார்கள். அதன் கைப்பிடியை உடைத்தது எல்பர்ட். மண்வெட்டிக் காம்பால் ஒரே தட்டு.

அவளை முதன்முதலில் பார்த்ததும் அந்தக் கோயிலுக்குப் பின்னால்தான். அப்போது அங்கே மண் அறுத்துக்கொண்டு போய் ஒரு பள்ளம் கிடந்தது. மழைக்கு மழை பருத்திக் காட்டைத் தின்று கோயில் சுவர்வரை வந்துவிட்டது. கோவேறு கழுதை விழுந்தால் ஏறி வர முடியாது. கயிறு கட்டித் தூக்க வேண்டும். முகாமிலிருந்து லாரியில் கொண்டுவந்து பையன்களை இறக்கினார்கள். ஈரச் சாக்கில் குட்ஸு வேர்கள். ஜப்பானிலிருந்து வந்த கொடி, இது தெற்குச் சீமையையே காப்பாற்றும் என்று வெள்ளைக்கார அதிகாரி சொன்னார். குழியில் வேரை வைத்ததும் காலை எடுத்துவிடு, இல்லையென்றால் உன்னையும் சேர்த்துக் கட்டிவிடும் என்று பையன்கள் சொல்லிச் சிரித்தார்கள். முதுகு ஒடிய ஒடிய நட்டார்கள். தண்ணீர் கொண்டுவந்த கோயில் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "ஏம்ப்பா, புல்லு நடவா அரசாங்கம் மூணு வேளைச் சோறு போடுது? எங்கப்பனை அனுப்புறேன், ஜோரா நடுவாரு." அதுதான் லூவீனியா.

மண் நின்றது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டே வருடத்தில் பள்ளம் முழுக்கப் பச்சை. பள்ளத்தோடு நிற்கச் சொல்லிக் கொடிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பருத்தி போயிற்று, ஆட்கள் ரயிலேறி டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் போனார்கள், கோயிலில் ஜெபம் செய்ய ஆளில்லை. கூரை விழுந்த வருடம் கொடி சுவரேறியது. எல்பர்ட் காகித ஆலைக்கு மரம் வெட்டும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அரிவாளோடு போய் அவள் இருக்கும் வரிசையை மட்டுமாவது வெட்டிவைத்துவிட்டு வருவார். அடுத்த ஞாயிறு போனால் வெட்டின சுவடே இருக்காது. பிறகு கால் விரல் போயிற்று. கொடி உள்ளே போயிற்று. இப்போது ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைப் போர்வை போர்த்திய மேடு ஒன்று தெரியும், அவ்வளவுதான்.

தன் கையால் நட்டது. அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. ஒடெஸ்ஸாதான் அவ்வப்போது சொல்வாள்: "நட்டவன் நீ, மூடினது அக்காவை. நல்ல மாப்பிள்ளை கெடைச்சான் எங்க வீட்டுக்கு."

விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கவுண்டி லாரி ஒன்று வீட்டு முன்னால் வந்து நின்றது. இறங்கியவன் கிளீவன் என்ற கறுப்பு இளைஞன். துப்புரவு ஆட்களுக்கு மேஸ்திரி. மேக்கன் நகரத்தில் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். இங்கே வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"பாண்டர் ஐயா, நேத்துத்தான் வேலை முடிஞ்சுது. நீங்க நாளைக்கு விழாவுக்குப் போறதுக்கு முன்னாடி தனியா ஒரு தடவை பாக்கணும்னு எனக்குத் தோணுச்சு. வாங்க, ஏறுங்க."

எல்பர்ட் கோயிலுக்குப் போகும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். வழியெல்லாம் கிளீவன் பேசிக்கொண்டே வந்தான். என்ன கொடி ஐயா அது, ஒருத்தன் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுச் சாப்பிடப் போனான், திரும்பி வந்தா சட்டையக் காணோம்னா பாத்துக்குங்களேன். எல்பர்ட் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

வண்டி நின்றது.

செம்மண். சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரிவரியாகச் செம்மண். ஒரு இலை இல்லை, ஒரு குச்சி இல்லை. வெயில் அதன் மேல் பளபளத்தது. வீடு கட்டத் தயாராக வைத்த மனை மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் கிளீவன். மண்ணுக்குள் நாலு எட்டு நடந்து திரும்பி நின்று கையை விரித்தான். "வாங்க ஐயா, உள்ள வாங்க."

எல்பர்ட் ரோட்டோரப் புல்லிலேயே நின்றார். யார் தலைமேல் கால் வைக்கிறோம் என்று தெரியாமல் உள்ளே போக முடியவில்லை.

"தம்பி, இங்க சாமானெல்லாம் கெடந்துச்சே."

"அதை ஏன் கேக்குறீங்க! எந்தக் காலத்துலயோ இதைக் குப்பை மேடாக்கி வச்சிருக்கானுங்க ஐயா. மனுஷன் படுத்திருக்குற எடத்துல கொண்டாந்து கொட்டியிருக்கானுங்க. உடைஞ்ச தட்டு, விளக்குக் கண்ணாடி, மருந்துப் புட்டி, பழைய கடிகாரம், பொம்மைத் தலைகூட இருந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. பொறுக்கி முடிக்கிற வரைக்கும் ஒரு பயலும் மெஷினை விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் கையால பொறுக்கினோம். மூணு பேரு கை கிழிஞ்சு போச்சு." உள்ளங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினான். "உங்க வீட்டம்மா இருக்குற எடம். ஒரு துண்டுகூட விடலை."

எல்பர்ட் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"கோயில் சுவரு இடிஞ்சு பள்ளமும் மேடுமா இருந்துச்சு, அதையும் நெரவிட்டோம்."

"ரெண்டு சீடர் மரம் நின்னுச்சு."

"கொடி ஏறிச் செத்துப்போச்சுங்க. நேத்து வேரோட தள்ளிட்டோம்." கிளீவன் அவர் முகத்தைப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "என்ன ஐயா? ஏதாவது தப்பாயிருச்சா?"

"உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லித்தரலையா?" என்றார் எல்பர்ட். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. "கல்லறைச் சாமானைத் தொடக் கூடாதுன்னு?"

"எங்கம்மாவைப் புதைச்ச எடத்துல புல்லுதான் ஐயா இருக்கு. கல்லுகூடத் தரையோட தரையா இருக்கும். புல்லு வெட்டுற வண்டி மேலயே போயிரும்."

அவர் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டான். கேட்டு முடித்ததும் தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு, வந்த தன் காலடித் தடத்திலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்துத் திரும்பி ரோட்டுக்கு வந்தான்.

குப்பைக் கிடங்குக்கு அவனே வண்டியை விரட்டினான். காவல்காரனிடம் என்னென்னவோ கத்தினான். அன்றாடம் கொட்டுவதன் மேல் மண் தள்ளி மூடிவிடுவார்கள். கடைசியாக வந்த லோடு என்பதால் இது ஒரு ஓரத்தில், அரை அடி மண்ணுக்குக் கீழே கிடந்தது. கிளீவன் முட்டி போட்டுத் தோண்டினான். எல்பர்ட் கவிழ்ந்து கிடந்த ஒரு ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து, அவன் எடுத்துக் கொடுத்ததை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

ஹெஸ்டர் கிழவியின் தேநீர்க் கெண்டி, மூக்கு உடைந்தது. மைக்கேயா அண்ணனின் சவரக் கோப்பை. அந்தக் கடிகாரம் பாதிரியாருடையது. அவர் போன நேரத்தில் முள்ளை நிறுத்தி வைத்தது, முள் இப்போது இல்லை. எல்லாரையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் என்றும் தெரிந்தது. ஹெஸ்டர் கிழவிக்கு இந்தப் பக்கம் லூவீனியா. கால்மாட்டில் இரட்டைக் குழந்தைகள். ஆனால் ஹெஸ்டர் கிழவி எங்கே?

"இதுவா ஐயா?"

நீலப் பூ ஜாடி. வாய் ஓரத்தில் புதிதாக ஒரு கீறல். மற்றபடி வைத்தது வைத்தபடி இருந்தது. மழையும் வெயிலும் அதைத் தொடவேயில்லை. அவர் வர முடியாத வருடங்களில் கொடி அதை மூடியே வைத்திருந்தது.

"கெடைச்சிருச்சு!" கிளீவன் எழுந்து நின்றான். மண்ணும் வியர்வையுமாக அவன் முகம் மலர்ந்தது. "அய்யா, கெடைச்சிருச்சு பாருங்க!"

"இதை எங்க இருந்து எடுத்த?"

"இப்ப இங்க..."

"இங்க இல்ல. அங்க. எந்த எடத்துல கெடந்துச்சு?"

கிளீவன் ஃபிரிட்ஜில் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஞாபகம் இல்லீங்க," என்றான். "நான்தான் எடுத்தேனா, பசங்க எடுத்தாங்களான்னுகூடத் தெரியல."

சனிக்கிழமை எல்பர்ட் போகமாட்டார் என்று ஒடெஸ்ஸா நினைத்திருந்தாள். அவர் காலையிலேயே சவரம் செய்து சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவங்க சொன்னதைச் செஞ்சாங்கள்ல," என்றார். "நானும் சொன்னதைச் செய்யணும்ல."

"அவங்க செஞ்சது போதாதா? இன்னும் நீ வேற போய் நன்றி சொல்லணுமா?"

"வண்டிய எடு."

நெடுஞ்சாலை வளைவில் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். நாற்காலி வரிசை, பள்ளிக்கூட வாத்தியக்காரர்கள், பெரிய அண்டாவில் கோழியும் பன்றியும் சோளமும் போட்ட குழம்பு. ஸ்ட்ரௌட் அம்மாள் ஓடி வந்தாள். கண் சிவந்திருந்தது. கிளீவன் முந்தின சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டான்.

"எல்பர்ட், எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நான் கேட்டேனே... ஏதாவது பாக்கணுமான்னு கேட்டேனே. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றார் எல்பர்ட். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"எல்லாருக்கும் சேத்து ஒரு கல்லு வைக்கிறோம். உங்க மனைவி பேரை மொதல்ல போடுறோம்."

"மத்தவங்க பேரைப் போட ஒடெஸ்ஸாகிட்டக் கேட்டுக்குங்க. அவளுக்கு எல்லாம் தெரியும்."

அவர் தலையில் ஒரு பச்சைத் தொப்பியை வைத்து மேடையில் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்துத் தொப்பி மாதிரி செய்ததாம். முகாமில் எவனும் அப்படி ஒரு தொப்பி போட்டதில்லை. தலைநகரத்து அதிகாரி பேசினார். இந்தத் தேசத்தின் மண்ணைத் தங்கள் கைகளால் தாங்கிப் பிடித்த இளைஞர்கள் என்றார். துணியை இழுத்தார். வெண்கலப் பலகையில் சட்டையில்லாத பையன் ஒருவன் மண்வெட்டியோடு நின்றான். மூக்கும் முடியும் வெள்ளைக்காரப் பையனுடையவை. பிறகு எல்பர்ட்டைக் கூப்பிட்டார்கள்.

எல்பர்ட் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வலித்தது.

"நாங்க மண்ணைப் புடிச்சு நிறுத்தினோம்," என்றார். "அது நெசம். பள்ளத்துல போய்ப் பாருங்க, இன்னும் நிக்குது. குட்ஸு வச்சதும் நாங்கதான்."

பின் வரிசையில் சிரித்தார்கள். அந்த ஊரில் குட்ஸு என்றாலே சிரிப்பார்கள். ஒருவன், "அப்ப நீதானா அது!" என்று கத்தினான். இன்னும் சிரிப்பு.

"ஆமா, நான்தான். வைக்கச் சொன்னது உங்காளுங்க. அது என் பொண்டாட்டி மேல ஏறுச்சு. இந்த வாரம் நீங்க சுத்தம் பண்ணிக் குடுத்தீங்க. பாத்துப் பாத்துத்தான் செஞ்சீங்க, நான் குத்தம் சொல்லல. இப்ப அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கு."

சத்தம் நின்றது. ஸ்ட்ரௌட் அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி தன் ஆளைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கும் எதுவும் புரியவில்லை. கிழவர் செத்துப்போன மனைவியை நினைத்து உருகுகிறார் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார். உடனே எல்லாரும் எழுந்தார்கள். கைதட்டல் நிற்கவில்லை. வாத்தியக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வெளியே லாரியில் சாய்ந்து நின்ற கிளீவன் மட்டும் தட்டவில்லை.

குழம்புக்கு நிற்கும் வரிசையில் சவ அடக்கம் செய்யும் சீவெல் இருந்தார். கறுப்பர்களுக்கு அந்த ஊரில் அவர் ஒருவர்தான். எல்பர்ட்டுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். எல்பர்ட் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சீவெல், அந்த மண்ணுல எங்கயாவது ஒரு ஓரத்துல எனக்கு ஒரு குழி. பக்கத்துல இல்லாட்டிப் போகுது. அதே எடத்துல இருந்தாப் போதும்."

சீவெல் தட்டைக் கீழே வைத்தார். "ஓரம் எதுன்னு உனக்குத் தெரியுமா? கோயிலுமில்ல, மரமுமில்ல. மண்வெட்டியை எங்க போட்டாலும் யாரு தலையில விழும்னு தெரியாது. நான் போட மாட்டேன் எல்பர்ட்டு. என் ஆளுங்களையும் போட விட மாட்டேன்."

"லூவீனியா தலையில விழுந்தா, அதுவே எடம்னு வச்சுக்கோ."

"விளையாடாத." சீவெல் அவர் தோளில் கை வைத்தார். "ஊருக்குள்ள புது இடுகாட்டுல எனக்குக் கொஞ்சம் எடம் இருக்கு. மேடு. தண்ணி நிக்காது. ரோட்டுக்குப் பக்கத்துலயே. உனக்கு நல்லதா ஒண்ணு ஒதுக்குறேன்."

"பக்கத்துல யாரு?"

"இப்போதைக்கு யாருமில்ல. எல்லாம் காலி."

"ம்," என்றார் எல்பர்ட்.

திரும்பும் வழியில் ஒடெஸ்ஸா அவரைக் கேட்காமலே வண்டியைக் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் திருப்பினாள். ரோட்டோரம் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு இறங்கிப் புல்லில் நின்றாள். இடுப்பில் கை வைத்துச் செம்மண்ணை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"லூவீனியா! ஏய் லூவீனியா!"

எங்கோ ஒரு காகம் பறந்தது.

"எதுக்குக் கத்துற?" என்றார் எல்பர்ட் வண்டிக்குள்ளிருந்து.

"பதில் சொன்னா எடம் தெரியுமில்ல." அவள் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. "உயிரோட இருந்தப்பவே ஒரு தடவை கூப்பிட்டா வர மாட்டா. மூணு தடவை கூப்பிடணும். பிடிவாதக்காரி."

மறுபடி அவள் கூப்பிடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். அப்போதுதான் அவர் காலடியில், செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பாதத்துக்கும் நடுவில் உருளாமல் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"என்ன அது?"

எல்பர்ட் செய்தித்தாளை இழுத்து மூடினார். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எல்பர்ட்டு, அது வீட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன். சவத்து மேல வச்ச சாமானை வீட்டுக்குள்ள கொண்டாந்தா அடுத்த ஆளு போயிரும். நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

"வீட்டுக்குள்ள கொண்டுவரல. நேத்துலேருந்து வண்டியிலதான் கெடக்கு."

"அங்க வைக்கலாமா?" அவள் மோவாயால் செம்மண்ணைக் காட்டினாள். "எங்கயாவது வை. அவ வந்து எடுத்துக்குவா."

"அடுத்தவன் மேல வச்சா? மைக்கேயா அண்ணன் மேல போய் என் பொண்டாட்டி ஜாடியை வைக்கச் சொல்றியா?"

ஒடெஸ்ஸா சாவியைத் திருகினாள். இஞ்சின் இருமிப் பிடித்தது. செம்மண்ணின் ஓரத்தில், பள்ளத்துப் பக்கமாக, ஒரு பச்சைத் தளிர் தலையை நீட்டித் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"பின்ன எங்கதான் வைப்ப?" என்றாள் ஒடெஸ்ஸா.

எல்பர்ட் குனிந்து ஜாடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ போ," என்றார். "மேட்டுல ஏறும்போது மெதுவா போ."